கையைக் கடிக்காமல் வீட்டைப் பசுமையாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருக்கும் வீட்டை இடிக்காமல், கடன் வாங்காமல், மின்சாரம், தண்ணீர், குப்பை மூன்றையும் குறைக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எதையாவது புதிதாக வாங்குவதற்கு முன், ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருப்பதை அடைத்துவிடுங்கள் என்பதுதான் இதில் உள்ள பெரும்பாலான பதில்களின் சாரம். ஒழுகுவது தண்ணீராகவும் இருக்கலாம், மின்சாரமாகவும் இருக்கலாம், வெப்பமாகவும் இருக்கலாம்.

பசுமை வீடு என்றாலே புதிதாகக் கட்டுவதுதானே? பழைய வீட்டில் என்ன செய்துவிட முடியும்?

நிறையவே செய்யலாம். உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. அதற்கு மேல் செங்கல், கம்பி, கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. உங்கள் பழைய வீட்டுக்கான புகை என்றைக்கோ போய்விட்டது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் ஒரு ‘பசுமை வீடு’ கட்டினால், அந்தப் புகையை இன்னொரு முறை வெளியேற்ற வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தி அந்தக் கணக்கை நேர் செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும். கட்டடம் உறுதியாக இருக்கிறதென்றால் பழுதுபார்த்து வாழ்வதுதான் பூமிக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

மின்மீட்டரிலிருந்து. செலவே இல்லாத வேலை இது. ஒரு வாரம் காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். எந்த நேரத்தில் யூனிட் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ஓர் இரவு விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அது நகர்ந்தால் ‘அணைந்திருக்கிற’ ஏதோ ஒரு கருவி சத்தமில்லாமல் மின்சாரம் இழுக்கிறது. பெரும்பாலும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸாக இருக்கும். ரிமோட்டில் அணைத்த பிறகும் பல செட்டாப் பாக்ஸ்கள் 10 வாட்டுக்குக் குறையாமல் எடுக்கின்றன. எந்நேரமும் ஓடும் 1 வாட் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 யூனிட். அப்படியானால் 10 வாட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும். அப்புறம் மறக்காமல் ஃப்ரிட்ஜ் பிளக்கைத் திரும்பச் செருகுங்கள்.

கைப்பேசி சார்ஜரை எடுத்துவிடுவது, விளக்கை அணைப்பது, இதெல்லாம் பெரிய மிச்சமா?

நல்ல பழக்கங்கள்தான். ஆனால் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் கைப்பேசியைச் சுமார் 50 தடவை முழுதாகச் சார்ஜ் செய்யலாம். அதே ஒரு யூனிட்டில் இரண்டு வாளி வெந்நீர்தான் கிடைக்கும். கணக்கு எளிது: 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் ஆகும். அந்த அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று 50 மணி நேரத்துக்கு மேல் எரியும்.

ஒரு பொருளைச் சூடாக்குகிற, குளிரவைக்கிற கருவி எதுவானாலும் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வாட்டர் ஹீட்டர், ஏசி, ஃப்ரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி, வெந்நீரில் துவைக்கும் சலவை இயந்திரம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். ஹீட்டரைக் குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணையுங்கள். துணிகளை, நோயாளியின் துணி போன்ற விதிவிலக்கு தவிர, குளிர்ந்த நீரிலேயே துவையுங்கள். டிரையர் இருந்தாலும் கொடியில் காயப்போடுங்கள்.

பழைய குண்டு பல்புகள் இன்னும் எரிகின்றன. மாற்றலாமா?

எரிந்தாலும் மாற்றிவிடுங்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது. அதிக நேரம் எரியும் இடத்தில் முதலில் மாற்றுங்கள். ஆண்டில் நான்கு நாள் திறக்கும் பரண் விளக்குக்கு அவசரமே இல்லை.

மின்விசிறியை மாற்றினால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

நாள் முழுக்க மின்விசிறி ஓடும் வீடாக இருந்தால், ஆகும். வழக்கமான சீலிங் ஃபேன் 70, 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி எனப்படும், பிரஷ் இல்லாத டிசி மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு மின்விசிறிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மிச்சம். மூன்று மின்விசிறிகள் என்றால் நாளொன்றுக்கு 2 யூனிட்.

மொத்தமாக மாற்ற வசதி இல்லையென்றால் அதிக நேரம் ஓடுவதை மட்டும் இப்போது மாற்றுங்கள். மற்றவை பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் இறக்கைகளைத் துடைத்துவையுங்கள். மெதுவாகச் சுற்றும் பழைய மின்விசிறிக்குப் பல நேரம் கண்டென்சரை மாற்றினாலே போதும். ஆளே இல்லாத அறையில் மின்விசிறி ஓடுவதில் பயனில்லை. அது நம் தோலிலுள்ள வியர்வையை ஆற்றுகிறதே தவிர, அறையைக் குளிரவைப்பதில்லை.

வெயில் காலத்தில் மாடி வீடு அடுப்பாகக் கொதிக்கிறது. ஏசி இல்லாமல் வழி உண்டா?

இருக்கிற கேள்விகளிலேயே பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். வெப்பம் உள்ளே வந்த பிறகு அதை வெளியேற்றுவதைவிட, வரும் வழியிலேயே மறிப்பது மலிவு.

முதல் வழி மேற்கூரை. வெறும் கான்கிரீட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிவைத்துக்கொண்டு, இரவெல்லாம் மெதுவாகக் கீழே இறக்கும். சூரியன் மறைந்து வெகுநேரம் ஆகியும் படுக்கையறை தகிப்பது அதனால்தான். அதன்மேல் வெள்ளைநிறக் குளிர்கூரைப் பூச்சு அடித்தால், புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கீழே உள்ள அறையில் இரண்டு மூன்று டிகிரி குறைவதை நீங்களே உணரலாம். பணம் இன்னும் குறைவென்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். மழையில் கரைந்துபோகும், ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும், ஆனாலும் வேலை செய்யும். எதை அடித்தாலும் அதற்கு முன் விரிசல்களை அடைத்து, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அழுக்கு படிந்த வெள்ளை தன் வேலையைச் செய்யாது என்பதால், ஒவ்வொரு கோடை தொடங்கும்போதும் தளத்தை ஒரு முறை கழுவிவிட வேண்டும். அடுக்குமாடியில் கடைசித் தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இதில் நேரடிப் பலன்.

இரண்டாவது ஜன்னல். திரைச்சீலை போட்டிருக்கிறோமே என்பார்கள். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்து திரையைச் சூடாக்கினால், அந்தச் சூடு அறைக்குள்தான் நிற்கும். கண்ணாடிக்கு வெளியே மறைப்பு வேண்டும். மூங்கில் தட்டி, நிழல்வலை, கெட்டித் துணி, தொட்டியில் ஏற்றிவிட்ட கொடி, எதுவும் சரி. மேற்குப் பக்க ஜன்னலில் தொடங்குங்கள். உச்சி வெயிலை சன்ஷேட் தடுத்துவிடும். சாயங்காலத்தில் தாழ்வாக, படுக்கைவசமாக வரும் வெயிலை அதனால் தடுக்க முடியாது.

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம். வெளியே உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும் பகல் நேரத்தில் ஜன்னல்களைச் சாத்திவையுங்கள். இரவு வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பலர் பழக்கத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எங்கள் ஊர் குளிர்ப் பிரதேசம். எங்களுக்கு?

உங்களுக்கு எதிரி இடுக்குகள். சூடான காற்று மேலேறி, கூரை ஓரங்களில் உள்ள சந்துகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கதவடி வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, கதவு ஜன்னல் விளிம்புகளை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் ஒருபக்கம் சாயும் இடத்தில் சந்து இருக்கிறது. ரப்பர் பட்டை, சிலிக்கான் பசை, கதவடியில் ஒரு பிரஷ் பட்டை, இவ்வளவுதான் தேவை. இரவில் தடித்த திரை போடுங்கள். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே இடம் இருந்தால், அங்கே வெப்பக்காப்பு விரிப்பது அடுத்த நல்ல செலவு.

ஓர் எச்சரிக்கை. வீட்டுக்குள் விறகு, கரி, கேஸ் எரியும் அடுப்போ ஹீட்டரோ இருந்தால், அதற்கென்று விட்ட காற்றுத் திறப்புகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அது உயிரையே எடுத்துவிடும்.

ஏசி இல்லாமல் முடியாது. அதை எப்படிக் குறைவாகச் செலவழிய வைப்பது?

வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் மின்செலவு ஏறக்குறைய 5, 6 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 26 டிகிரியில் ஏசியை வைத்து மின்விசிறியையும் சுற்றவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மாதம் ஒரு முறையாவது வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள்.

இதைவிட முக்கியமாக, அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. “வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏசிக்குள் இருக்கும் வாயு மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுவது. எரிபொருள் போலத் தீர்ந்துபோகாது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே நிரப்பினால் அதுவும் காற்றில்தான் போய்ச் சேரும். பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியதற்குச் சமம். ஒரு வீடு பார்த்துப் பார்த்துச் சேமித்ததெல்லாம் ஒரே கசிவில் போய்விடும். ஆர்-32 வாயுவுக்கு இது 700 மடங்குக்குள். ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கு மிக மிகக் குறைவு. புதிதாக வாங்கும் காலம் வந்தால் நட்சத்திரக் குறியீட்டோடு இந்த வாயுவின் பெயரையும் பார்த்து வாங்குங்கள். பழையதைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், அதற்கான சிலிண்டரில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு சோதனை: கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்துங்கள். தாளை இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். பல நேரம் கீல் பக்கத்துக் கீழ் மூலையில்தான் பிரச்சினை இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் துடைத்தாலே சில ரப்பர்கள் திரும்ப ஒட்டும். கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பின்பக்கக் கம்பிச்சுருளில் படிந்த தூசியைத் தட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். உள்ளே 4 டிகிரி, உறைபெட்டியில் மைனஸ் 18 இருந்தால் சரி, அதற்கும் கீழே போக வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடினால் மாற்றுங்கள். மாற்றினால், பழையதைப் ‘பாட்டில் வைக்க உதவும்’ என்று மூலையில் இரண்டாவது ஃப்ரிட்ஜாக ஓட்டாதீர்கள்.

தண்ணீரைக் குறைக்க என்ன செய்யலாம்?

நொடிக்கு ஒரு சொட்டு வடியும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்கும். பெரும்பாலும் ஒரு வாஷர் மாற்றினால் சரியாகிவிடும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் நடக்கும் கசிவு தெரியவே தெரியாது. டேங்கின் மூடியைத் திறந்து, உணவில் கலக்கும் நிறத்தைச் சில சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள வால்வு கசிகிறது. பழைய பெரிய டேங்க் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி இறுக மூடி, மிதவையில் படாமல் உள்ளே நிறுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்க வேண்டாம், கரைந்து துகள் வால்வில் சிக்கும்.

குழாய் முனையில் பொருத்தும் ஏரேட்டர் நிமிடத்துக்கு 12, 15 லிட்டர் கொட்டும் குழாயை 5, 6 லிட்டருக்குக் கொண்டுவரும். கை கழுவும் குழாய்க்கும் பாத்திரம் துலக்கும் குழாய்க்கும் இது அருமை. குடத்தில் பிடிக்கும் குழாய்க்குப் போட்டால் குடம் நிறைய நேரமாகும், தண்ணீர் ஒன்றும் மிச்சமாகாது.

ஆர்ஓ இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர், சில நேரம் அதற்கும் மேல் வெளியே போகும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊற்றுவதென்றால் நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், அதில் உப்பு அதிகம். உங்கள் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், உப்பை எடுப்பதற்கென்று ஆர்ஓ தேவையில்லை. ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் இருந்தால் கதை வேறு. ஆகவே ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

மழைநீர் பற்றி ஒரு கணக்கு மட்டும்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும் பெரிய அளவு. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து பிடியுங்கள்.

சமையலறையில்?

பாத்திரத்தை மூடிச் சமைப்பது, கொதித்ததும் தீயைக் குறைப்பது, பருப்பு வகைகளை ஊறவைத்துப் போடுவது, குக்கர் பயன்படுத்துவது: எல்லோருக்கும் தெரிந்தவை, ஆனாலும் பெரிய மிச்சம் இவற்றில்தான். கேஸ் அடுப்பில் எரியும் வெப்பத்தில் கணிசமான பகுதி பாத்திரத்தைச் சுற்றிக் காற்றில் போய்விடுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீதம் அளவுக்குப் பாத்திரத்துக்குள் போகும். உங்கள் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் அது இண்டக்‌ஷனுக்கு ஏற்றது, புதிய பாத்திரம் வாங்கத் தேவையில்லை.

உரம் தயாரிக்க முயன்றேன். நாற்றம் தாங்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.

தயவுசெய்து இன்னொரு முறை முயலுங்கள். நாற்றம் வந்தால் இரண்டே காரணம்: ஈரம் அதிகம், காற்று குறைவு. காய்கறிக் கழிவு முழுக்க ஈரம். அதோடு காய்ந்த சருகு, தேங்காய் நார், கிழித்த அட்டைப்பெட்டி என்று உலர்ந்தது ஏதாவது ஒன்றை, கழிவின் அளவுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ போட வேண்டும். பக்கவாட்டில் ஓட்டை போட்ட பழைய வாளி போதும். ஒவ்வொரு நாளும் கழிவைப் போட்டதும் மேலே சருகால் மூடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு சேருங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். எண்ணெயும் இறைச்சியும் தொடக்கத்தில் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாக மாறிவிடும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், குப்பைக்கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து அழுகும் உணவு மீத்தேனாக மாறுகிறது. முதல் 20 ஆண்டுகளில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகுமாமே?

மனதுக்கு இதம், வையுங்கள். காற்றுச் சுத்திகரிப்புக்கென்று செலவழிக்க வேண்டாம். இந்தப் பேச்சு 1989-இல் நாசா மூடிய பெட்டிகளுக்குள் செய்த ஆய்விலிருந்து வந்தது. வீடு மூடிய பெட்டி கிடையாதே. 2019-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வுப்படி, ஜன்னல் கதவு வழியாக இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும். ஜன்னலைத் திறப்பது சுலபம். மரம் நட இடம் இருந்தால் மேற்குச் சுவருக்கு நிழல் விழும்படி வெளியே நடுங்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்.

எல்இடி விளக்கு, ஏரேட்டர், கதவடிப் பட்டை, வெளித்தட்டி, உரவாளி: எல்லாம் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போகக் கூடியவை. கூரைப்பூச்சு மாதிரியான வேலைக்கு வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தளத்தின் ஆயுள் கூடும் என்று சொன்னால் காதுகொடுப்பார்.

சோலார் போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே?

கடைசியில் போடுங்கள் என்பேன். நல்ல வெயில் படும் இடத்தில் ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 10 சதுர மீட்டர் அளவு இடம் வேண்டும். மேலே மூன்று மின்விசிறிகளை மாற்றியதில் 2 யூனிட் மிச்சமானது. அது அரை கிலோவாட் சோலாருக்குச் சமம். தேவையை முதலில் குறைத்தால் சிறிய அமைப்பே போதும், போடும் பணமும் பாதியாகலாம். போடும்போது தண்ணீர்த் தொட்டியின் நிழல் சாயங்காலம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு பலகையின் ஓரத்தில் விழும் நிழல், அதோடு வரிசையாக இணைத்த மற்றப் பலகைகளின் உற்பத்தியையும் இழுத்துவிடும்.

மாற்றிய பழைய பொருட்களை என்ன செய்வது?

குண்டு பல்பு சாதாரணக் கண்ணாடிதான், தாளில் சுற்றிப் போடலாம். சிஎஃப்எல் மற்றும் டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. அவற்றையும் பேட்டரிகளையும் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்கும்வரை ஓர் அட்டைப்பெட்டியில் தனியாக வையுங்கள். சிஎஃப்எல் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லோரும் அந்த அறையிலிருந்து வெளியேறுங்கள். பிறகு துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ போடாமல், கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளைத் திரட்டி, மிச்சத் துகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு அதே பெட்டியில் சேருங்கள்.